கொல்லையில் ஒரு குட்டி வீடு: சென்னை வெயிலுக்கும் மழைக்கும் ஈடுகொடுக்கும்படி கட்டும் முறை

வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்கு ஆறடி இடம் காலியாகக் கிடந்தால் போதும். அங்கே குழந்தைகளுக்கென்று ஒரு குட்டி வீடு கட்டிவிடலாம். தச்சு வேலை தெரியாதவர்களும் ஒரு தச்சரை இரண்டு நாள் துணைக்கு வைத்துக்கொண்டு இதைச் செய்து முடிக்கலாம். ஆனால் கடையில் விற்கும் பிளாஸ்டிக் வீட்டையோ, குளிர்நாட்டுப் படங்களில் பார்க்கும் மரவீட்டையோ அப்படியே நகலெடுத்தால் சென்னையில் அது உதவாது. நான்கு பக்கமும் பலகை அடைத்த பெட்டிக்குள் சித்திரை மாத நண்பகலில் எந்தக் குழந்தையாலும் உட்கார முடியாது. ஐப்பசி மழையில் அதே பெட்டியின் அடிப்பகுதி ஊறும், ஊறிய மரத்தைத் தேடிக் கரையான் வரும்.

ஆகவே முதலிலேயே ஒரு முடிவு எடுத்துக்கொள்ளுங்கள். பணத்தைத் தரையிலும் கூரையிலும் போடுங்கள், சுவரில் மிச்சம் பிடியுங்கள். குழந்தைக்கு வேண்டியது தலைக்கு மேலே நிழலும் காலுக்குக் கீழே ஈரமில்லாத தரையும்தான். சுவர் பெயரளவுக்கு இருந்தால் போதும். காற்று வருமளவுக்குத் திறந்திருப்பது இன்னும் நல்லது. கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் இந்த எண்ணத்தில் அமைந்தவை.

இடம் பார்ப்பது

சமையலறை ஜன்னலிலிருந்தோ கூடத்திலிருந்தோ பார்த்தால் தெரிகிற இடமாக இருக்க வேண்டும். மற்றப் பொருத்தங்களெல்லாம் இதற்குப் பிறகுதான். ஆறு வயதுக் குழந்தை தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு விளையாட வேண்டும். உங்கள் கண்ணிலும் பட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அடுத்து, தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சென்னை வீடுகளின் பின்புறம் வெறும் மண் அல்ல. நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, கழிவுநீர்க் குழாய், போர்வெல், மழைநீர் சேகரிப்புக் குழி என்று பலவும் அங்கேதான் இருக்கும். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் உங்கள் வீட்டிலும் அந்தக் குழி எங்கோ இருக்கும். அதன்மேல் கட்டிவிடாதீர்கள், மழைக்காலத்துக்கு முன்பு அதைத் திறந்து தூர்வார வேண்டியிருக்கும். தண்ணீர்த் தொட்டியின் மூடி அருகில் இருந்தால் குட்டி வீட்டு வேலையைத் தொடங்குவதற்கு முன்பே அந்த மூடிக்குப் பூட்டுப் போடுங்கள். குழந்தைகள் நாள் முழுக்கப் புழங்கப்போகும் இடத்தில் பூட்டில்லாத தொட்டி மூடி இருக்கவே கூடாது.

மேலே நிமிர்ந்தும் பாருங்கள். மின்சார வாரியத்தின் சர்வீஸ் கம்பி தலைக்கு மேல் போகக்கூடாது. தென்னை மரத்தடி வேண்டாம். தேங்காயும் மட்டையும் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. முருங்கையும் வேண்டாம். அதன் கிளை சிறு காற்றுக்கே முறியும், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அடையடையாக ஏறும். மா மரத்தில் சிவப்பெறும்பு கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வேப்பமரம் இருந்தால் அதன் நிழல் விழும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள், ஆனால் பெரிய கிளைக்கு நேர் கீழே வேண்டாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் இந்த நகரத்தில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. நல்ல மரமும் சாயும் ஊர் இது.

திசையைப் பற்றி: பின்சுவர் மேற்கே பார்க்கட்டும், வாசல் கிழக்கே பார்க்கட்டும். மாலை வெயில் மேற்குச் சுவரில் விழுந்து அங்கேயே நிற்கும். பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வாசல் வழியாக உள்ளே வரும். வடகிழக்குப் பருவமழையின் சாரலும் அதே பக்கமிருந்துதான் அடிக்கும். அதற்குத் திண்ணையும், சுவரைத் தாண்டி நீளும் கூரை ஓரமான இறவாரமும் இருக்கின்றன, கீழே சொல்கிறேன்.

மழைக்காலத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதைக் காம்பவுண்டுச் சுவரின் கறை காட்டிக்கொடுக்கும். வேளச்சேரி, மடிப்பாக்கம், முடிச்சூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெள்ளத்துக்குத் தப்பும் உயரத்தில் குழந்தை வீடு கட்ட முடியாது, கட்டவும் கூடாது. வழக்கமாக நிற்கும் மழைநீருக்கு மேலே தரை இருந்தால் போதும். தண்ணீரில் ஊறிப் பொங்கும் பொருள் எதையும், குறிப்பாக மரத்தூள் பலகையை, எந்த இடத்திலும் பயன்படுத்தாதீர்கள்.

மொட்டைமாடியில் கட்டலாமா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். வேண்டாம். கூரையைக் காற்று தூக்கும், குழந்தை வீட்டின் மேல் ஏறினால் கைப்பிடிச் சுவரின் உயரம் பயனற்றுப்போகும். அடுக்குமாடிக் குடியிருப்பின் தோட்டத்தில் கட்டுவதானால் சங்கத்திடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். வாடகை வீட்டில் உரிமையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

அளவு

தரை 8 அடி நீளம், 4 அடி அகலம். இதில் பாதி, அதாவது 4க்கு 4 அடி, அறை. மீதி 4க்கு 4 அடி, திண்ணை. திண்ணைக்கு இவ்வளவு இடமா என்று தோன்றும். கட்டி முடித்தபின் குழந்தைகள் எங்கே உட்காருகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். நம் ஊர் வெக்கையில் அவர்கள் முக்கால்வாசி நேரம் திண்ணையில்தான் இருப்பார்கள். சொப்புச் சாமான் பரப்புவதும், பல்லாங்குழி ஆடுவதும், சண்டை போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பி உட்காருவதும் திண்ணையில்தான். அறை, ஒளிந்துகொள்ளவும் மழைக்கு ஒதுங்கவும்.

சுவர் உயரம் தரையிலிருந்து 4 அடி, முகடு ஐந்தரை அடி. வாசல் 2 அடி அகலம். பெரியவர் குனிந்து நுழைய முடிய வேண்டும்; உள்ளே குழந்தைக்கு ஏதேனும் ஆனால் ஓடிப்போய்த் தூக்க வேண்டியவர் நீங்கள்தான்.

வேலை தொடங்குமுன் இந்த அளவைச் சாக்கட்டியால் தரையில் வரைந்து குழந்தைகளை உட்காரச் சொல்லுங்கள். ஜன்னல் எங்கே வேண்டும் என்பதை அவர்களே காட்டுவார்கள். உட்கார்ந்த நிலையில் அவர்கள் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அங்கே சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது நாம் நினைப்பதைவிடத் தாழ்வாகத்தான் இருக்கும்.

எப்போது தொடங்குவது

தை பிறந்ததும் தொடங்கிப் பங்குனிக்குள் முடியுங்கள். மழைக்காலத்தில் வாங்கும் மரம் ஈரமாக இருக்கும். வெயில் வந்ததும் சுருங்கி, வளைந்து, பலகைகளுக்கு நடுவே கண்டபடி இடைவெளி விழும். கத்திரி வெயிலில் வெளியே நின்று ரம்பம் பிடிப்பதும் சரிப்படாது. பங்குனியில் முடித்தால் முழுப்பரீட்சை விடுமுறைக்கு வீடு தயார்.

மரம் வாங்குவது

பெரியமேடு சைடன்ஹாம்ஸ் சாலையிலும் அதைச் சுற்றியும் மரக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. புறநகரில் இருந்தால் பக்கத்து மரவாடியே போதும். மரத்தைக் கன அடிக் கணக்கில் விற்பார்கள். கணக்கு எளிது: அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும், நீளத்தை அடியிலும் எடுத்துப் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி. நாலுக்கு இரண்டு அங்குலச் சட்டம் 18 அடி இருந்தால் அது ஒரு கன அடி. இந்தக் கணக்கை நீங்களே போடத் தெரிந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது.

நம் வீட்டுக்கு வேண்டியவை இவை:

- தரைக்கு அடியில் வரும் சட்டம், 4க்கு 2 அங்குலம்: 8 அடியில் மூன்று, 4 அடியில் இரண்டு.
- கால்கள், 3க்கு 3 அங்குலம்: நாலரை அடியில் ஆறு.
- தரைப் பலகை, 4 அங்குல அகலம், 1 அங்குலக் கனம்: 4 அடியில் 25.
- கைமரம் (கூரையின் சாய்வுச் சட்டம்), உத்திரம், முகட்டு விட்டம், எல்லாம் 3க்கு 2 அங்குலம்: மூன்றரை அடியில் பத்து, 8 அடியில் இரண்டு, 10 அடியில் ஒன்று.
- கூரை ரீப்பர் (மெல்லிய நீளச் சட்டம்), 2க்கு 2 அங்குலம்: 10 அடியில் ஆறு.
- சுவர் ரீப்பர், 2க்கு 1 அங்குலம்: மொத்தம் 85 அடிக்குக் கொஞ்சம் மேல்.

முதல் நான்கும் சேர்ந்து ஏறக்குறைய 9 கன அடி வரும். சேதாரத்துக்கும் சேர்த்து 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். இவற்றுக்குச் சால், வேங்கை போன்ற உறுதியான மரம் வேண்டும். வேம்பு நேராகக் கிடைத்தால் விடாதீர்கள். கரையான் எளிதில் அண்டாது. தேக்கு தேவையில்லை. சுவர் ரீப்பருக்கு மட்டும் விலை குறைந்த பைன் போதும். துறைமுகத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் வரும் பெட்டிகளைப் பிரித்த மரம் பல இடங்களில் கிடைக்கும். அதை வாங்கினால் பலகையில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சுப்புகை ஊட்டியது. அதைக் குழந்தை வீட்டில் சேர்க்காதீர்கள். முத்திரையே இல்லாததும், எண்ணெயோ ரசாயனமோ கொட்டிய கறை உள்ளதும் வேண்டாம்.

அரைச்சுவருக்கு 12 மி.மீ. பிளைவுட் ஒரே ஒரு தாள், 8க்கு 4 அடி. ஐ.எஸ். 710 என்று அச்சிட்ட மரைன் பிளைவுட்டாகவே வாங்குங்கள். வீட்டுக்குள் அலமாரி செய்யும் சாதாரண வகை இரண்டு மழைக்காலத்தில் தாள் தாளாகப் பிரியும்.

திருகாணிகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். திருவான்மியூர், பெசன்ட் நகர், கொட்டிவாக்கம் என்று கடலோரத்தில் இருப்பவர்கள் இதில் சிக்கனம் பார்க்கவே வேண்டாம். உப்புக்காற்று சாதாரண ஆணியை வெகு சீக்கிரம் தின்றுவிடும்; துருப்பிடித்த ஆணித் தலை குழந்தையின் கையைக் கிழிக்கும்.

அடிக்கால்

இந்த வேலைக்குத்தான் மிகுந்த பொறுமை வேண்டும். இது கோணினால் மேலே எல்லாமே கோணும்.

நான்கு முனைகளிலும் முளை அடித்துக் கயிறு கட்டி 8க்கு 4 அடிச் செவ்வகம் போடுங்கள். மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பக்கம் 3 அடியிலும் அடுத்த பக்கம் 4 அடியிலும் குறி போட்டு இரண்டுக்கும் நடுவே அளந்தால் 5 அடி வர வேண்டும். பிறகு எதிரெதிர் மூலைகளை அளந்து பாருங்கள். இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக இருந்தால் செவ்வகம் சரி.

நீளத்தில் 0, 4, 8 அடியிலும், அகலத்தில் 0, 2, 4 அடியிலும் ஆக ஒன்பது குழிகள். ஒவ்வொன்றும் ஒன்றரை அடிக்கு ஓரடி, ஆழம் ஒன்றரை அடி. அடியில் 6 அங்குலம் செங்கல் ஜல்லி போட்டு நன்றாகக் கெட்டியுங்கள். அதன்மேல் 8 அங்குலம் கான்கிரீட். கான்கிரீட் இறுகுமுன் ஒரு ஹாலோ பிளாக்கை அதன்மேல் உட்காரவைத்து, அதன்மேல் இன்னொன்று. கீழ்ப் பிளாக்கின் 4 அங்குலம் மண்ணுக்குள் இருக்கும். வெளியே சரியாக ஓரடி தெரியும். பிளாக்கின் பொந்துகளைக் கான்கிரீட்டால் நிரப்பி, நடுவே 12 மி.மீ. போல்ட் ஒன்றை, நட் ஏறும் மறைப் பகுதி மேலே நீட்டியபடி நட்டுவிடுங்கள். புயல் நாளில் வீட்டைத் தரையோடு பிடித்து வைத்திருப்பவை இந்தப் போல்ட்டுகள்தான். ஒன்பதின் தலையும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) பிடித்துப் பாருங்கள். கொத்தனார்கள் எல்லோரிடமும் அது இருக்கும். ஒரு வாரம் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி ஆறவிடுங்கள்.

களிமண் தரையாக இருந்தால் குழியை இன்னும் அரையடி ஆழப்படுத்தி, கூடுதல் ஆழத்தையும் ஜல்லியாலேயே நிரப்புங்கள். மழையில் உப்பியும் வெயிலில் வெடித்தும் அந்த மண் கல்லைப் பெயர்க்கும். கடலோர மணலில் ஆழத்தைவிடக் கெட்டிப்பதுதான் முக்கியம்.

மரத்தை நேராக மண்ணில் நடலாமே, சவுக்குக் கம்பை ஊன்றிப் பந்தல் போடுவதுபோல, என்று சிலர் சொல்வார்கள். பந்தல் சில நாளில் பிரிப்பது. மண்ணைத் தொடும் மரம் சென்னையில் நிலைக்காது. கரையான் மண்ணுக்குள்ளிருந்து மரத்துக்குள் ஏறுவதை வெளியே இருந்து பார்க்கவும் முடியாது. ஓரடி உயரக் கல்லின்மேல் மரம் நின்றால், கரையான் ஏறுவதற்குக் கல்லின்மீது மண்குழாய் கட்டியாக வேண்டும். அது உங்கள் கண்ணில் படும், அன்றே தட்டிவிடலாம்.

அந்த ஓரடி இடைவெளியை எதனாலும் அடைக்காதீர்கள். வெளிச்சமும் துடைப்பமும் உள்ளே போக வேண்டும். அடைத்த இருட்டில் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். மேடவாக்கம், தாம்பரம்போல் இன்னும் புதரும் ஏரியும் மிச்சமிருக்கும் இடங்களில் இது வெறும் பேச்சல்ல. கழிவு மரத்தையும் பழைய செங்கல்லையும் அதன் அடியில் குவித்துவைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பாம்பு வந்தால் அடிக்கப் போகாமல் குழந்தைகளை உள்ளே அழைத்துக்கொண்டு வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்லுங்கள்.

தரை

கல்லின் தலைக்கும் மரத்துக்கும் நடுவே தார்த்தாள் அல்லது கனமான பிளாஸ்டிக் துண்டு வையுங்கள். கல்லின் ஈரம் மரத்துக்கு ஏறாது. மூன்று நீளச் சட்டங்களை மூன்று வரிசைக் கற்களின்மேல் குத்துவாக நிறுத்தி, இரண்டு முனைகளிலும் 4 அடிச் சட்டத்தால் இணையுங்கள். எல் வடிவ இரும்பு ஆங்கிளை வைத்துச் சட்டத்தைக் கல்லின் போல்ட்டோடு முடுக்குங்கள்.

பலகைகளைக் குறுக்கே, நான்கைந்து மி.மீ. இடைவெளி விட்டு அடுக்குங்கள். ஒரே கனமுள்ள அட்டைத்துண்டை நடுவில் செருகி அளவு பார்த்துக்கொள்ளலாம். சாரல் தண்ணீர் இந்த இடுக்கு வழியாக வடிந்துவிடும். மணலும் தானே கொட்டிவிடும். திண்ணையில் பிளைவுட் போடாமல் பலகை போடச் சொல்வது இதற்காகத்தான். ஒவ்வொரு பலகைக்கும் ஒவ்வொரு சட்டத்திலும் இரண்டு திருகாணி. முதலில் டிரில்லால் துளை போட்டுக்கொண்டு முடுக்கினால் மரம் பிளக்காது. திருகாணித் தலை பலகைக்குள் அமிழட்டும்.

இப்போது நீங்களே ஏறி நின்று குதித்துப் பாருங்கள். ஆடினால் இங்கேயே சரிசெய்ய வேண்டும்.

கால், உத்திரம், கூரை

ஆறு கால்களும் நீளத்தில் 0, 4, 8 அடியில், கல்லுக்கு நேர் மேலே வரும். தரைச் சட்டத்தின் பக்கவாட்டில் ஒவ்வொரு காலையும் சேர்த்து இரண்டு போல்ட் போடுங்கள். ஆணி போதாது. போல்ட்டின் மொட்டைத் தலை குழந்தைகள் புழங்கும் பக்கத்திலும், நட் வெளிப்பக்கத்திலும் இருக்கட்டும். நீட்டிக்கொண்டிருக்கும் மறையை அறுத்து மூடி நட் போட்டுவிடுங்கள். தூக்குக்குண்டு விட்டுக் கால்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்தபின் உத்திரங்களை மேலே வைத்து முடுக்குங்கள்.

கூரைக் கணக்கு அழகானது. அகலம் 4 அடி என்பதால் நடுவிலிருந்து ஒரு பக்கம் 2 அடி. முகட்டின் எழுச்சி ஒன்றரை அடி. ஆகவே கைமரம் சாய்வாகச் சரியாக இரண்டரை அடி. இறவாரத்துக்கு ஓரடி சேர்த்து மூன்றரை அடி. இரண்டு அடிக்கு ஒரு ஜோடி, மொத்தம் ஐந்து ஜோடி. கைமரம் உத்திரத்தில் உட்காரும் இடத்தில் இரும்புப் பட்டை போட்டு இரண்டையும் பிணைத்துவிடுங்கள். புயல்காற்று சுவரைத் தள்ளுவதைவிடக் கூரையை அடியிலிருந்து தூக்குவதுதான் அதிகம்.

கூரை மேய என்ன பொருள் என்பதில் நான் கண்டிப்பாகப் பேசப்போகிறேன். கீற்று வேண்டாம். பார்க்க அழகு, உள்ளே குளிர்ச்சி, விலையும் குறைவு, எல்லாம் உண்மை. ஆனால் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக்கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளின் உயிரைப் பறித்தது. அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக்கூரையே கூடாது என்றாயிற்று. தீபாவளி இரவில் எந்த வீட்டு ராக்கெட் எங்கே விழும் என்று சொல்ல முடியாத நகரத்தில், குழந்தைகள் உட்காரும் இடத்துக்கு மேலே காய்ந்த ஓலையை வைக்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் தகடும் வேண்டாம். வெட்டும்போதும் உடையும்போதும் பறக்கும் நார் நுரையீரலுக்குக் கேடு. மங்களூர் ஓடு அழகுதான், ஆனால் கனம் அதிகம். பந்து பட்டு ஓர் ஓடு சரிந்தால் கீழே குழந்தை இருக்கும்.

வெளிர் நிறத்தில், முடிந்தால் வெள்ளையில், வண்ணம் பூசிய நெளிவுத் தகடு வாங்குங்கள். மூன்றரை அடி நீளத்துக்கு வெட்டச் சொன்னால் கடையிலேயே வெட்டித் தருவார்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று, மொத்தம் ஆறு, மேலே ஒரு முகட்டு மூடி. 10 அடி ரீப்பர்களைப் பக்கத்துக்கு மூன்றாகக் கைமரத்தின்மேல் அடித்து, அதன்மேல் தகடு. ரப்பர் வாஷர் உள்ள திருகாணியை நெளிவின் மேட்டில் போடுங்கள். பள்ளத்தில் போட்டால் அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும். திருகாணி முனை ரீப்பருக்குள்ளேயே முடிய வேண்டும். இந்த வீட்டில் கூரை தலைக்கு மிக அருகில் இருக்கிறது. உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் முனை எழுந்து நிற்கும் குழந்தையின் தலையில் ஏறும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. இறவாரத்தின் ஓரம் மண்தரையிலிருந்து ஏறக்குறைய நாலரை அடி உயரத்தில் நிற்கும். ஓடிவரும் எட்டு, பத்து வயதுப் பிள்ளையின் நெற்றி உயரம் அது. வெட்டிய தகட்டு விளிம்பு கத்திதான். ஆகவே தகட்டைவிட ஓரங்குலம் கீழே இறங்கும்படி மழுங்க இழைத்த பலகை ஒன்றை இறவாரம் முழுவதும் அடித்துவிடுங்கள். தகடு அதைத் தாண்டி நீளக்கூடாது. முக்கோண முகப்பு இரண்டையும் அடைக்க வேண்டாம். வெக்கை மேலே ஏறி வெளியே போகும் வழி அதுதான்.

சுவர்

ஒரே ஒரு பிளைவுட் தாளை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் 2 அடி உயரத்தில் இரண்டு பட்டைகள். முதல் பட்டையை நடுவே வெட்டினால் பக்கச்சுவர் இரண்டு. இரண்டாவது பட்டையில் 4 அடி பின்சுவர். ஓரடி ஓரடியாக இரண்டு துண்டு வாசலின் இருபுறமும். அரைச்சுவர் முடிந்தது. இரண்டடிச் சதுரத் துண்டு ஒன்று மிஞ்சும். அதை எறிந்துவிடாதீர்கள், உப்புத்தாள் போட்டு இழைத்துத் தாயக்கட்டம் வரைந்தால் திண்ணைக்கு ஆட்டப்பலகை ஆகும். பிளைவுட்டின் வெட்டிய ஓரங்களுக்குத்தான் இரண்டு கை பெயின்ட் கூடுதலாக வேண்டும், தண்ணீர் அங்கே இருந்துதான் ஏறும்.

அரைச்சுவருக்கு மேலே உத்திரம்வரை ரீப்பர்களை நெட்டுக்குத்தாக, இரண்டு அங்குல இடைவெளியில் அடியுங்கள். குறுக்குவாட்டில் அடித்தால் அது ஏணி. குழந்தைகள் கூரைக்கே ஏறிவிடுவார்கள். இடைவெளி அளவையும் மாற்றாதீர்கள். மூன்றரை அங்குலத்துக்கும் 9 அங்குலத்துக்கும் இடைப்பட்ட எந்தத் துவாரமும் ஆபத்து. சிறு குழந்தையின் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் அளவு அது. ஒன்று அதைவிடச் சிறிதாக இருக்க வேண்டும், அல்லது முழு ஜன்னலாகப் பெரிதாக இருக்க வேண்டும். பக்கச்சுவர் ஒவ்வொன்றிலும் குழந்தைகள் குறித்துக்கொடுத்த இடத்தில் ஒன்றரை அடிச் சதுரத்துக்கு ஜன்னல் விடுங்கள். அவர்கள் குறி தாழ்வாக இருந்தால் ஜன்னலின் அடி அரைச்சுவரிலேயே தொடங்கட்டும். கண்ணாடி வேண்டாம்.

வாசலுக்குக் கதவும் வேண்டாம் என்பேன். விரல் நசுங்குவது பெரும்பாலும் கீல் பக்கத்தில். பழைய பருத்திப் புடவையில் ஒரு திரை போதும். குழந்தைகளுக்கும் அதுதான் பிடிக்கும். கதவு வைத்தே தீர வேண்டுமென்றால் தாழ்ப்பாளோ கொக்கியோ எந்தப் பக்கமும் இருக்கக்கூடாது. மேற்குச் சுவரில் மூங்கில் தட்டி ஒன்று தொங்கவிட்டால் மாலை வெயில் மறையும். மழை நாளில் அதையே கிழக்குப் பக்கம் மாற்றிக்கொள்ளலாம்.

மின்சாரம் இழுக்கவே வேண்டாம். பேட்டரி விளக்கு போதும்.

பூச்சு

தரை, கால், ரீப்பர் என எல்லா ஓரங்களையும் உப்புத்தாளால் மழுக்குங்கள். இந்த வேலையைக் குழந்தைகளிடமே கொடுக்கலாம். தங்கள் கையால் தேய்த்த பலகை எது என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பிறகு தடவிப் பார்க்க வேண்டியது நீங்கள். சிலாம்பு குத்தும் இடம் ஒன்றுகூட இருக்கக்கூடாது.

கரையான் வராமலிருக்க வண்டியின் கழிவு ஆயிலைப் பூசும் வழக்கம் நம்மிடம் உண்டு. குழந்தைகள் உட்கார்ந்து, தடவி, அதே கையால் முறுக்குத் தின்னும் இடத்தில் அந்த நச்சைப் பூசாதீர்கள். முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயும் தோலைப் புண்ணாக்கும். ஆளிவிதை எண்ணெய் இரண்டு மூன்று கை ஏற்றினால் போதும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவைத்துவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

பெயின்ட் அடிப்பதானால் புதிய டப்பாவாக வாங்குங்கள். 2016இல் வந்த விதிகளின்படி வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. பரணில் கிடக்கும் அதற்கு முந்தைய டப்பாவில் எவ்வளவு ஈயம் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. பழைய கதவு, ஜன்னல்களை வாங்கிப் பொருத்த ஆசைப்படுபவர்களும் கவனியுங்கள். அவற்றின் பழைய பெயின்டை உலர்வாகத் தேய்த்தால் ஈயத்தூள் பறக்கும். அதைச் சுவாசிப்பதும், தூள் படிந்த கையை வாயில் வைப்பதும் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பெயின்ட் இல்லாத பழைய மரம் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.

குடியேறிய பிறகு

வாரம் ஒருமுறை மூலைகளைப் பெருக்குங்கள். குளவி மண்கூடு கட்டும், பாய்க்கு அடியில் தேள் ஒதுங்கும். பாயையும் தலையணையையும் உதறிய பிறகே உட்காரப் பழக்குங்கள். சுற்றிலும் தண்ணீர் தேங்கும் பொருள் எதுவும் கிடக்கக்கூடாது. டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது. சொப்பு வாளியில் தேங்கிய தண்ணீரிலும் முட்டையிடும். ஊஞ்சலுக்கென்று பழைய டயர் மாட்டினால் அதன் அடியில் ஓட்டை போட்டுவிடுங்கள்.

புரட்டாசியில், மழைக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்குங்கள். எல்லாப் போல்ட்டையும் ஒரு சுற்று முடுக்கிப் பார்க்கவும், ஒன்பது கல்லிலும் கரையான் குழாய் ஏறியிருக்கிறதா என்று குனிந்து பார்க்கவும், தரைப் பலகையைக் கத்தி முனையால் குத்தி எங்காவது மெதுவாக இறங்குகிறதா என்று சோதிக்கவும் ஒரு காலைப்பொழுது போதும். மெதுவான பலகையைக் கழற்றிப் புதிதாகப் போடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் மூங்கில் தட்டியையும் திரையையும் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள், காற்று தடையில்லாமல் ஊடே போகட்டும். அந்த நேரத்தில் குழந்தைகள் அங்கே இருக்கக்கூடாது.

பத்து, பதினொரு வயதில் இறவாரம் அவர்கள் தலையை இடிக்கத் தொடங்கும். முக்கிய இணைப்புகளெல்லாம் போல்ட் என்பதால் இரண்டு பேர் சேர்ந்து ஒரே நாளில் பிரித்துவிடலாம். அங்கன்வாடிக்கோ, சின்னக் குழந்தைகள் இருக்கும் உறவினர் வீட்டுக்கோ கொடுப்பதானால், பிரிப்பதற்கு முன்பு ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு மரத்திலும் ஒரே எண்ணைப் பெயின்டால் எழுதிவிடுங்கள். கற்களை மட்டும் அங்கே புதிதாக நட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.